ஓய்வு பெற்றோரும் தொட்டித் தோட்டமும்

2011-ம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி கரையேறிய தானே புயல், கடலூர் ஜில்லாவில் பலா, மா, முந்திரி மரங்களைப் பெருவாரியாய்ச் சாய்த்தது. உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்று, கொல்லையே துணையென்றிருந்த முதியோர்க்கு அது பெரு நஷ்டம். புதுப் பலாக்கன்று காய்க்கப் பல வருஷம் செல்லும். அறுபதைக் கடந்தவர் அத்தனை காலம் காத்திருத்தல் எளிதன்று.

ஆயினும் மண்ணோடு உறவு அற்றுப்போக வேண்டுவதில்லை. கடலூரிலும் சிதம்பரத்திலும் திண்ணை, முற்றம், வெயில் படும் ஜன்னலோரம் இவற்றில் நாலைந்து தொட்டிகளுக்கு இடமுண்டு. அடித்துளைமேல் ஓட்டுச்சில் வைத்து, செம்மண், மணல், மக்கிய தொழுவெரு மூன்றையும் சமபாகமாய்க் கலந்து நிரப்புக. சிறுகீரையை விதைத்த 25 நாளில் பறிக்கலாம். வெயிலுள்ள முற்றத்தில், பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பாலூர் 1 கத்தரியை நடலாம். சிறிது நிழலிலும் கற்பூரவல்லி செழிக்கும்.

கடலோரக் கிணற்று ஜலம் உப்பாயின், மழைநீரைச் சேமித்து வார்த்தல் நலம். தொட்டித் தட்டில் நீர் தேங்கினால் டெங்குக் கொசு பெருகும். ஆதலின் வாரம் ஒரு முறையேனும் தேய்த்துக் கழுவுக. குனிந்து வருந்தாதிருக்க, தொட்டிகளை இடுப்புயர மேடைமேல் வைத்தல் உத்தமம்.

புயல் எச்சரிக்கை வந்தால், பிள்ளைகள் துணைகொண்டு தொட்டிகளை உள்ளே எடுத்து வைக்கலாம். பலாமரத்தை அங்ஙனம் செய்தல் இயலாது. விடியலில் செம்பு நீருடன் அவற்றைச் சுற்றி வரும் முதியவர்க்கு, மறுநாள் பார்ப்பதற்கு ஒரு தளிர் காத்திருக்கும்.