கயிற்றின் மறுமுனை

முத்துக்குளிப்புக்குத் தமிழிற் சலாபம் என்றொரு பெயருண்டு. எங்கள் சிலாபத்தின் பெயர் அதிலிருந்தே வந்ததென்று கூறுவாரும் உளர். கல்லை மிதித்துக் கடலுள் இறங்கிய குளியாளி ஒரு நிமிடத்திற்குச் சற்று மேல் மறைந்திருப்பான். தோணியில் நிற்பவனோ கண்ணாற் காணாததைக் கயிறு பற்றிய கையால் அறிவான்.

மாணவர் நடத்தும் நீரடி இயந்திரப் போட்டியைக் காணச் செல்பவரின் நிலையும் ஏறத்தாழ இதுவே. இயந்திரம் குளத்தில் இறங்குகிறது. சில குமிழிகள் எழுகின்றன. அப்பால் ஒரு வடம் மட்டும் அசைகிறது. வேடிக்கை என்று பார்க்க வேறொன்றுமில்லை. வானொலி அலைகளை நீர் விரைவில் விழுங்கிவிடும். ஆதலின் கட்டளையும் படக்காட்சியும் வடத்தின் வழியே செல்லவேண்டும். வடமின்றித் தாமே வழி தேர்ந்து நீந்தும் இயந்திரங்களுக்கு வேறு போட்டி உண்டு. சென்னைத் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் இந்திய மாணவருக்கென நடத்தியது அவ்வகையினது.

வடமுள்ள வகையில், 2004 ஜூன் மாதம் கலிபோர்னியாவின் சாந்தா பார்பராவில் நடந்த போட்டியை இன்றும் பேசுகின்றனர். பாலைநிலத்து நகரான பீனிக்சிலிருந்து கார்ல் ஹேடன் உயர்தரப் பாடசாலை மாணவர் நால்வர் வந்தனர். மெக்சிக்கோவிற் பிறந்த ஏழைப் பிள்ளைகள். அமெரிக்காவில் வாழ அனுமதிப் பத்திரமும் அற்றவர்கள். பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய்களை ஒட்டி, ஏறத்தாழ 800 டொலரிற் செய்த இயந்திரம். பசையின் வாடை தாங்காமல் அதற்கு 'நாற்றக்காரன்' என்றே பெயரிட்டனர்! பல்கலைக்கழகப் பிரிவில் எம்.ஐ.டி.யோடு மோதத் துணிந்தனர். பெரியவர்களிடம் தோற்பதில் இழிவில்லையல்லவா?

ஒத்திகையின்போது மின்கருவிப் பெட்டிக்குள் நீர் கசிந்தது. புதுப் பெட்டிக்குப் பணமுமில்லை, பொழுதுமில்லை. நீரை உறிஞ்ச எது நல்லதென்று எண்ணிப் பார்த்து, பெண்கள் மாதவிலக்கின்போது பயன்படுத்தும் பஞ்சுச் சுருளை வாங்க ஒரு மாணவனைக் கடைக்கு அனுப்பினர். கூச்சத்தை விழுங்கிக்கொண்டு, அங்கு நின்ற பெண்மணியிடமே எது சிறந்ததென்று கேட்டு வாங்கி வந்தான் அவன். சுருள்கள் கசிவைக் குடித்தன, நாற்றக்காரன் நீந்தினான்.

குளத்தினுள் மிகுதியான பணிகளை முடித்தது எம்.ஐ.டி.யின் இயந்திரமே. ஆயினும் இப்போட்டியில் எழுத்தறிக்கைக்கும் நேர்முக வினாவிடைக்கும் புள்ளிகள் உண்டு. ஒவ்வொரு குழாயும் ஏன் அங்கே இருக்கிறதென்று நால்வராலும் சொல்ல முடிந்தது. மொத்தத்தில் முதலிடம் அவர்களுக்கு, எம்.ஐ.டி. இரண்டாவது. ஆசிரியத் தொழில் செய்பவனாதலாலோ என்னவோ, பரிசினும் அது வழங்கப்பட்ட முறையே எனக்குப் பெரிதாகப் படுகிறது. செய்து காட்டியவனை 'ஏன் செய்தாய்?' என்று நம் வகுப்பறைகளில் எத்தனை முறை கேட்கிறோம்?

எனினும் பத்திரக்குறை வெற்றியோடு தீரவில்லை. நால்வருள் ஒருவரான ஒஸ்கார் வாஸ்கெஸ் 2009இல் அரிசோனா அரச பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியற் பட்டம் பெற்றார். உடனே தாமாகவே மெக்சிக்கோ திரும்பி, முறைப்படி நுழைவனுமதி கோரினார். கிடைத்த விடை பத்தாண்டுத் தடை. மனைவியும் மகளும் அமெரிக்காவில். 2010இல் அத்தடை நீங்கி மீண்டார். பின்னர் அமெரிக்க இராணுவத்திற் சேர்ந்து ஆப்கானிஸ்தான் சென்றார்.