கரண்டி பிடிக்காதவரும் ஷெஃப்தானா?

சமையல்காரர் யாரு, ஷெஃப் யாருங்கிறதை ஒரு முட்டை டிஷ்ஷை வச்சே பார்த்துடலாம்.

அந்த டிஷ்ஷோட பேரு மேயர்பேர் முட்டை. வெண்ணெயில பதமா வேகவச்ச முட்டை, கூடவே சுட்ட ஆட்டுக் குண்டிக்காய், அதோட ட்ரஃபிள் காளான் சேர்த்த சாஸ். இந்த மூணையும் ஒரே ஆள் செஞ்சு தட்டுல வைக்க ஏறக்குறைய 15 நிமிஷம் பிடிக்கும். வீட்டுல அது பெரிய விஷயமே இல்லை. ஆனா ஹால் நிறைய ஆளுங்க உட்கார்ந்திருக்காங்க, ஒவ்வொரு மேஜையிலயும் வேற வேற டிஷ் கேட்கிறாங்கன்னா, அந்த 15 நிமிஷம் கட்டுப்படியாகாது.

1890-ல லண்டன் சவாய் ஹோட்டலோட சமையலறைப் பொறுப்புக்கு வந்தார் பிரெஞ்சு ஷெஃப் ஓகுஸ்த் எஸ்கோஃபியே. அவர் கொண்டுவந்த முறையில இதே டிஷ் எப்படித் தயாராகும்னு பாருங்க. ஆர்டர் வந்ததும் ஒருத்தர் சத்தமா அறிவிப்பார். முட்டையை ஆந்த்ரமெத்தியேங்கிற சமையல்காரர் கவனிச்சுக்குவார். குண்டிக்காயைச் சுடுறது ரோத்திஸர் வேலை. அதே நேரத்துல சோசியே ட்ரஃபிள் சாஸைத் தயார் பண்ணுவார். மூணும் ஒண்ணா முடிஞ்சு தட்டுல வந்து சேரும். சில நிமிஷத்துல டிஷ் மேஜைக்குப் போயிடும்.

சரி, அந்தத் தட்டைச் சமைச்சது யாரு? மூணு பேர். ஆனா மூணு பேர்ல ஒருத்தரும் முழுத் தட்டைச் சமைக்கலை. முட்டை பதமா இருக்கு, சாஸ் மட்டும் ஆறிப்போச்சுன்னா யாரைக் கேட்கிறது? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்தான் ஷெஃப். தட்டு ஹாலுக்குப் போறதுக்கு முன்னாடி பார்த்து, ருசிச்சு, "போகலாம்"னு சொல்றவரும் அவர்தான், திருப்பி அனுப்புறவரும் அவர்தான். அந்த ராத்திரி முழுக்க அவர் அடுப்பைத் தொடாமலே கூட இருந்திருக்கலாம்.

சமையல்காரர்னா சாதாரணம், ஷெஃப்னா உசத்திங்கிற நினைப்பு நம்ம நிறைய பேருக்கு இருக்கு. பிரான்ஸ்ல கணக்கு வேற. குயிஸினியேங்கிறது தொழில். ஷெஃப் த குயிஸீன்ங்கிறது அந்தத் தொழில்ல இருக்கிற ஒரு பதவி. இருபது வருஷமா சாஸ் செய்ற ஒருத்தர், தன்னோட ஷெஃப்பை விட நல்லா சமைக்கலாம். அதனால அவர் ஷெஃப் ஆயிட மாட்டார். ஆகலைங்கிறதால அவர் கைப்பக்குவம் குறைஞ்சும் போயிடாது. எனக்கு இந்த முறையில ரொம்பப் பிடிச்சதே இதுதான்: சமையல்காரர்னு சொல்லிக்கிறதுல அங்க யாருக்கும் கூச்சம் இல்லை.

படிப்புலயும் இது தெரியும். சி.ஏ.பி. குயிஸீன்னு அரசாங்கத்தோட தொழிற்சான்றிதழ் ஒண்ணு இருக்கு. சமைச்சுக் காட்டணும், சுகாதார விதிகள் தெரியணும், பொருட்களைப் பத்தித் தெரியணும். அதுல தேறினா நீங்க குயிஸினியே. கையில கொடுத்ததும் ஒருத்தரை ஷெஃப் ஆக்கிடுற சான்றிதழ்னு எதுவும் கிடையாது. ஒரு சமையலறை உங்களை நம்பி ஒப்படைச்சாத்தான் ஷெஃப்.

ஒப்படைக்கிறதுன்னா என்னென்ன? நாளைக்கு மெனுவுல என்ன இருக்கணும், மீன் எங்க வாங்கணும், வந்த மீன் சரியில்லைன்னா எப்படித் திருப்பி அனுப்பணும், ஒரு தட்டுக்கு எவ்வளவு செலவாகுது, யாருக்கு எந்த நாள் லீவு, புதுசா வந்த பையனுக்கு யார் கத்துக்கொடுக்கிறது. இதெல்லாம் ஷெஃப் தலையில. அவருக்கு அடுத்து சூ-ஷெஃப். அப்புறம் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு ஷெஃப் த பார்தி. முன்னாடி சொன்ன சோசியேயும் ரோத்திஸரும் இந்த வரிசைதான். அவங்களுக்குக் கீழ கொமிங்கிற உதவியாளர்கள். எந்தப் பிரிவுல ஆள் குறைஞ்சாலும் போய் நிக்கிற தூர்னான்னு ஒருத்தரும் உண்டு. எல்லாப் பிரிவு வேலையும் தெரிஞ்சாத்தான் அந்த இடத்துல நிக்க முடியும்.

எஸ்கோஃபியே 13 வயசுல, நீஸ் நகரத்துல உறவினரோட உணவகத்துல எடுபிடியா வேலைக்குச் சேர்ந்தவர். 1870-ல நடந்த பிரான்ஸ்–பிரஷ்யா போர்ல ராணுவத்துக்குச் சமைச்சவர். அன்னைக்குச் சமையலறைன்னா புகை, வெக்கை, குடி, கெட்ட வார்த்தை. தான் பொறுப்புல இருந்த இடத்துல அவர் கெட்ட வார்த்தையைத் தடுத்தார். வெக்கையைத் தாங்க மதுவுக்குப் பதிலா பார்லித் தண்ணி கொடுத்தார். சமையல்காரங்களுக்கு ஒரு மரியாதை வரணும்னு அவர் பாடுபட்டதை, அவர் எழுதின ரெசிபிகளை விடப் பெரிய விஷயமா நான் பார்க்கிறேன்.

ஆனா இந்த முறைக்குள்ள அடங்காத ஒருத்தரைப் பத்தியும் சொல்லியாகணும். யூஜெனி பிராசியே. 1895-ல பிறந்தவங்க. சின்ன வயசுல பண்ணையில பன்னி மேய்ச்சாங்க, அப்புறம் லியோன் நகரத்துல வீட்டு வேலை செஞ்சாங்க. 1921-ல லியோன்ல சொந்தமா ஒரு சின்ன உணவகம் திறந்தாங்க. தோலுக்கு அடியில ட்ரஃபிள் துண்டுகளைச் செருகி வேகவைக்கிற பிரெஸ் வட்டாரக் கோழிதான் அவங்களோட பேர் போன டிஷ். அப்புறம் இன்னொண்ணும் தொடங்கினாங்க. 1933-ல அந்த ரெண்டு உணவகத்துக்கும் மூணு மூணு மிஷ்லின் நட்சத்திரம் கிடைச்சுது. ஆக மொத்தம் ஆறு. 1998-ல ஷெஃப் ஆலென் துகாஸ் வர்ற வரைக்கும் அந்த ஆறை வேற யாரும் தொடலை.

அவங்க அடுப்பு முன்னாடி நின்னு சமைச்சாங்க. மெனு, கொள்முதல், ஆள் பழக்கறது எல்லாத்தையும் அவங்களே பார்த்தாங்க. ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் இளைஞனா இருந்த, பின்னாடி பேர் போன ஷெஃப்பான போல் பொக்யூஸ் அவங்ககிட்ட வேலைக்குச் சேர்ந்தப்போ, மாட்டுல பால் கறக்கிறதும் காய்கறித் தோட்டத்தைக் கவனிக்கிறதும் கூட அவர் வேலையில சேர்த்திதான். அப்படின்னா பிராசியே முழுமையான ஷெஃப். ஆனா ஊர் அவங்களைக் கூப்பிட்டது 'மேர் பிராசியே', பிராசியே அம்மான்னு. லியோன்ல அவங்களை மாதிரி உணவகம் நடத்தின பெண்கள் எல்லாருக்கும் அதே அடைமொழிதான். அன்பா கூப்பிட்டதுதான், ஒத்துக்கிறேன். ஆனா பெரிய ஹோட்டல்ல அதே வேலையைச் செஞ்ச ஆம்பளைங்களுக்குப் பதவிப் பேர் கிடைச்சுது, இவங்களுக்குக் கிடைக்கலை. அது நியாயம்னு எனக்குத் தோணலை.

எஸ்கோஃபியே போட்ட வரிசை இன்னைக்கு நம்ம ஊர் நட்சத்திர ஹோட்டல்கள்லயும் இருக்கு. கேட்டரிங் படிச்சவங்க கமி (கொமி), சி.டி.பி. (ஷெஃப் த பார்தி), சூ ஷெஃப்னு சொல்றது இதைத்தான். பாரிஸ்ல அந்த வரிசையோட கடைசிப் படியில, பிளோன்ஜர்னு சொல்ற பாத்திரம் கழுவுற வேலையில தொடங்கின ஈழத்தமிழர்கள் நிறைய பேர். அதுல பலர் கண்ணால பார்த்தே வேலை கத்துக்கிட்டு அடுப்புக்கு வந்தவங்க. பள்ளிக்கூடம் போய்ப் படிக்காதவங்களுக்கும் உதவுற மாதிரி 2002-ல பிரான்ஸ்ல ஒரு சட்டம் வந்துச்சு. வேலை அனுபவத்தை ஆவணமா எழுதிக் கொடுத்து, குழு முன்னாடி நிரூபிச்சா, அதை வச்சே சி.ஏ.பி. வாங்கலாம். பேரு வி.ஏ.இ. உங்க சொந்தக்காரங்க யாராவது அங்க சமையலறையில வேலை செய்றாங்கன்னா, இந்த வழி இருக்குன்னு அவங்ககிட்ட சொல்லுங்க.