பெயருக்குப் பின்னுள்ள மூன்று எழுத்துகள்

நுழையும்முன்

ஒப்புரவறிதல் என ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், ஊருக்கு உதவுபவரிடம் சேர்ந்த செல்வத்திற்கு மருந்து மரத்தையும் உவமையாகக் காட்டினார். அத்தகைய மரம் ஒன்றைச் சென்னைப் பெண்கள் நட்டு வளர்த்த வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கிண்டியிலிருந்து அடையாறு நோக்கிச் செல்லும் சர்தார் பட்டேல் சாலை, சென்னையின் பசுமை மிக்க சாலைகளுள் ஒன்று. காந்தி மண்டபம், கிண்டி தேசியப் பூங்கா, இந்தியத் தொழில்நுட்பக் கழகம் ஆகியன இச்சாலையை ஒட்டி அமைந்துள்ளன. வெளியூர்களிலிருந்து மருத்துவக் குறிப்பேடுகளைப் பையில் சுமந்து வருவோர் பலர் இச்சாலையில் தேடி வரும் இடம் வேறு. 'அடையாறு புற்றுநோய் மருத்துவமனை' என்று மக்கள் அழைக்கும் அந்நிறுவனத்தின் முறையான பெயருக்குப் பின்னால் 'டபிள்யூ.ஐ.ஏ.' என்னும் மூன்று எழுத்துகள் உள்ளன. 'இந்திய மாதர் சங்கம்' என்பதன் ஆங்கிலப் பெயரிலுள்ள முதலெழுத்துகளே அவை. மாபெரும் மருத்துவமனை ஒன்று மாதர் சங்கத்தின் பெயரைத் தாங்கி நிற்பது ஏன் என்பதை அறிய, நூறாண்டுகளுக்குச் சற்று முன்னே செல்ல வேண்டும்.

சங்கம் தோன்றிய காலம்

1917ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்கப்பட்டது. அன்னி பெசன்ட் அதன் முதல் தலைவரானார். அயர்லாந்தில் பிறந்த மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா ஆகியோருடன் அம்மு சுவாமிநாதன் போன்ற இந்தியப் பெண்களும் இணைந்து செயலாற்றினர். மொழி, சமயம், நாடு என்னும் எல்லைகளைக் கடந்து பெண்கள் ஓரிடத்தில் கூடியது அன்றைய சென்னைக்குப் புதிய காட்சியாகும். சங்கத்தின் கிளைகளில் எழுத்தறிவு வகுப்புகளும் தையற்பயிற்சியும் முதலுதவிப் பயிற்சியும் நடைபெற்றன. 'ஸ்திரீ தர்மா' என்னும் இதழும் வெளிவந்தது.

தொண்டு மட்டுமே போதும் என்று இச்சங்கத்தார் கருதவில்லை என்பது கவனிக்கத்தக்கது. தொடங்கிய ஆண்டிலேயே, பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று சரோஜினி நாயுடு தலைமையில் ஒரு குழு மாண்டேகுவைச் சென்னையில் சந்தித்தது. 1921இல் சென்னை மாகாணப் பெண்கள் வாக்குரிமை பெற்றனர். ஆயினும் சொத்துத் தகுதி வைக்கப்பட்டிருந்தமையால் மிகச் சிலரே அதனைப் பயன்படுத்த முடிந்தது. உரிமைக்குக் குரல் கொடுப்பதும் துயர் துடைப்பதும் ஒரே பணியின் இரு கூறுகள் என்னும் தெளிவு அவர்களிடம் இருந்தது. பின்னாளில் மருத்துவமனை எழுந்ததற்கு இத்தெளிவே அடிப்படை எனலாம்.

ஓர் இழப்பும் ஓர் எண்ணமும்

சங்கத்தின் வரலாற்றில் தனித்து ஒளிர்பவர் மருத்துவர் முத்துலெட்சுமி ரெட்டி. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். சங்கத்தின் முயற்சியால் சென்னைச் சட்டமன்றத்திற்கு நியமிக்கப்பட்டு, அம்மன்றத்தின் துணைத்தலைவராகவும் விளங்கினார். தேவதாசி முறையை ஒழிக்க அவர் போராடியதும், ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லம் கண்டதும் பலரும் அறிந்தவை.

அவர்தம் தங்கை குடல் நோயால் துன்புற்றார். முதலில் அது சீதபேதி எனத் தவறாகக் கருதப்பட்டது. புற்றுநோய் என உணரப்பட்டபோது காலம் கடந்திருந்தது. 1923இல் தங்கை மறைந்தார். மருத்துவம் படித்த அக்காள் அருகில் இருந்தும் காக்க இயலவில்லை. அந்நாளில் இந்நோய்க்குக் கதிர்மருத்துவ வசதியோ, தேர்ந்த அறுவை மருத்துவரோ தென்னகத்தில் போதிய அளவில் இல்லை. நோயை விதியென்று கருதி வீட்டிலேயே மறைத்து வைப்பதும் வழக்கமாக இருந்தது. 1925இல் உயர்பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றபோது, புற்றுநோய்க்கெனத் தனியே மருத்துவமனை இயங்குவதை முத்துலெட்சுமி கண்டார். நம் நாட்டிலும் அத்தகையதொன்று வேண்டும் என்னும் எண்ணம் அங்கே உறுதிப்பட்டது. 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் அவ்வெண்ணத்தை அவையறியக் கூறினார்.

பிற நகரங்களில்

பெண்கள் அமைப்பு ஒன்று மருத்துவமனை கட்டுவது சென்னைக்கு மட்டுமே உரிய நிகழ்வன்று. அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1893இல் ஹன்னா சாலமன் யூதப் பெண்களுக்கான தேசிய மன்றத்தை நிறுவினார். கப்பலில் தனியே வந்திறங்கிய குடியேறிப் பெண்கள் ஏமாற்றப்படாமல் காப்பதற்கு, நியூயார்க் துறைமுகத்தில் அம்மன்றத்தார் பணியாற்றினர். 1912இல் நியூயார்க்கில் ஹென்றியட்டா சோல்டு தொடங்கிய 'ஹதாசா' என்னும் யூதப் பெண்கள் அமைப்பு, அடுத்த ஆண்டே இரண்டு செவிலியரை எருசலேமுக்கு அனுப்பியது. இருவரில் தொடங்கிய அப்பணி, 1939இல் பெரிய மருத்துவமனையாக உருப்பெற்றது.

சென்னையிலும் எண்ணிக்கையில் மிகச் சிறிய ஒரு சமூகத்திலிருந்து இத்தகைய ஆளுமை தோன்றினார். உதகமண்டலத்தில் 1909இல் பார்சிக் குடும்பத்தில் பிறந்த மேரி கிளப்வாலா ஜாதவ், இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். சேவை மன்றத்தின் வழியே ஏழைக் குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் உழைத்தார். இரண்டாம் உலகப்போரின்போது, 1942இல் படைவீரர்களுக்கான விருந்தோம்பல் குழுவை அமைத்தார். நல்லெண்ணம் இருந்தால் மட்டும் போதாது, தொண்டிற்கும் முறையான பயிற்சி வேண்டும் என்று கருதி, 1952இல் சமூகப்பணிப் பள்ளி ஒன்றைச் சென்னையில் நிறுவினார். இக்கருத்து அன்று பலருக்கு வியப்பளித்திருக்கும். இன்று அது கல்லூரிப் பாடமாகவே உள்ளது.

எண்ணத்திலிருந்து கட்டடம் வரை

முத்துலெட்சுமியின் எண்ணம் அவையில் ஒலித்த 1935ஆம் ஆண்டிற்கும் மருத்துவமனை திறக்கப்பட்ட ஆண்டிற்கும் இடையே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்தன. போர், பஞ்சம், விடுதலைப் போராட்டம் எனக் காலம் பல தடைகளைக் கொண்டுவந்தது. அவற்றினும் பெரிய தடை மனத்தடையே ஆகும். குணப்படுத்த முடியாத நோய்க்குத் தனி மருத்துவமனை எதற்கு என்னும் வினா, ஆட்சிப் பொறுப்பில் இருந்தோரிடமிருந்தே எழுந்தது. அவ்வினாவிற்குச் சொல்லால் விடையளிக்க இயலாது. நோயாளி ஒருவர் பிழைத்து வீடு திரும்பினால்தான் விடை கிடைக்கும். பிழைக்க வைப்பதற்கோ மருத்துவமனை வேண்டும். இச்சிக்கலைத் தன்னார்வத் தொண்டே அவிழ்த்தது.

1949இல் மாதர் சங்கம் புற்றுநோய் நிவாரண நிதியைத் தொடங்கியது. முத்துலெட்சுமியின் மகனும் வெளிநாட்டில் புற்றுநோய் மருத்துவம் பயின்று திரும்பியவருமான மருத்துவர் கிருஷ்ணமூர்த்தி இம்முயற்சிக்குத் துணைநின்றார். நிதி திரட்டும் பணி வெளிப்பார்வைக்கு எளியதாகத் தோன்றும். உண்மையில், பெயரைச் சொல்லவே மக்கள் அஞ்சிய ஒரு நோய்க்காகப் பிறரிடம் கை நீட்டுவது எளிதன்று. கொடுப்பவரிடம் பணம் கேட்பதற்கு முன்னர், அந்நோய் தொற்றுவதில்லை, தொடக்கத்திலேயே கண்டால் தீர்க்கக்கூடியது என்று விளக்க வேண்டும். எனவே நன்கொடை திரட்டியதே நோய் விழிப்புணர்வுப் பணியாகவும் அமைந்தது. சங்கத் தலைவர்களின் பெயர்கள் நூல்களில் இடம்பெற்றுள்ளன. அவர்களுக்குத் துணைநின்ற உறுப்பினர் பலரின் பெயர்கள் அவ்வாறு இடம்பெறவில்லை. சங்கத்தின் பெயரே அவர்களுக்கும் உரிய பெயராகிறது.

1952ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள், காந்தி நகரில் 12 படுக்கைகளுடன் மருத்துவமனை திறக்கப்பட்டது. முத்துலெட்சுமிக்கு அப்போது வயது 67.

ஊதியம் நோக்காப் பணி

கட்டடம் எழுந்தவுடன் தொண்டு முடிந்துவிடவில்லை. மயிலாப்பூரில் 1927இல் பிறந்த மருத்துவர் சாந்தா, அரசுப் பணியாளர் தேர்வில் வென்று மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில் பணியமர்த்தப்பட்டவர். உறுதியான அரசுப் பணியை விடுத்து, வளருமோ வளராதோ என அறியாத சிறு மருத்துவமனைக்கு அவர் வந்தது சுற்றத்தாரை வியக்கச் செய்தது. 1955ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் அவ்வளாகத்திலேயே குடியேறினார். கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் தொடக்க ஆண்டுகளில் மதிப்புறு மருத்துவர்களாகவே உழைத்தனர். நிறுவனத்தில் தங்கிப் பணியாற்றும் மருத்துவர்களின் மரபு இவ்வாறு உருவாயிற்று.

1957இல் கோபால்ட் 60 என்னும் கதிர்மருத்துவக் கருவி இங்கு நிறுவப்பட்டது. உடலின் உட்புறத்தே உள்ள கட்டியையும் சென்றடையும் ஆற்றல் மிக்க கதிர்களை அது வெளியிடும்.  1960இல் குழந்தைகளுக்கெனத் தனிப்பிரிவு தோன்றியது. 1975இல் நடுவண் அரசு இந்நிறுவனத்தை மண்டலப் புற்றுநோய் மையமாக ஏற்றது. சென்னை மாநகரில் புற்றுநோய் யாருக்கு, எவ்வுறுப்பில், எத்தனை பேருக்கு வருகிறது எனக் கணக்கெடுக்கும் பதிவேட்டுப் பணி 1981இல் தொடங்கியது. பரபரப்பு ஏதுமில்லாத இப்பணியைப் பலர் பொருட்படுத்துவதில்லை. எனினும், நோய்த்தடுப்புத் திட்டங்கள் யாவும் இத்தகைய எண்களின்மீதே எழுப்பப்படுகின்றன.

தெரிந்து தெளிவோம்: பொதுப்பணிக்கான மகசேசே விருதை 2005இல் சாந்தா பெற்றார். நடுவண் அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருதையும் வழங்கியுள்ளது.

முத்துலெட்சுமி 1968இல் மறைந்தார். தமிழக அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. சாந்தா தம் வாழ்நாளின் இறுதிவரை மருத்துவமனை வளாகத்திலேயே தங்கியிருந்து, 2021ஆம் ஆண்டு சனவரி 19ஆம் நாள் தமது 93ஆம் வயதில் காலமானார். 12 படுக்கைகளில் தொடங்கிய நிறுவனம் இன்று காந்தி நகரிலும் சர்தார் பட்டேல் சாலையிலும் இரு வளாகங்களாக, நூற்றுக்கணக்கான படுக்கைகளுடன் இயங்குகிறது. வசதியற்றோருக்குக் கட்டணமின்றியும் சலுகைக் கட்டணத்திலும் மருத்துவம் அளிப்பதற்கு அது இன்றும் பொதுமக்களின் நன்கொடையை நாடி நிற்கிறது.