தீ சுட்டது தோலை. டாக்டர் வயிற்றுக்குள் எதைத் தேடுகிறார்?

கோடையில் உங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குறைந்ததும் கடைசித் தெருக்களின் வால்வை அடைத்துவிடுவார்கள். மெயின் குழாயில் அழுத்தம் இருக்கும். அடைத்த தெருவில் குடங்கள் காலி.

பெரிய தீக்காயத்தில் ரத்தக் குழாய்கள் ஒழுகத் தொடங்கும். ரத்தத்தின் நீர் கசிந்து உடம்பு வீங்கும். மூளையையும் இதயத்தையும் காப்பாற்ற, உடல் முதலில் வால்வை மூடுவது தோலுக்கும் குடலுக்கும்தான். கையில் பார்க்கும் ரத்த அழுத்தமோ சிறிது நேரம் சமர்த்தாகவே இருக்கும். நம்பிவிடாதீர்கள்!

குடலின் வறட்சியை எப்படி அறிவது? மூக்கு வழியே இரைப்பைக்கு ஒரு மெல்லிய குழாய். நுனியில் சிறு பலூன். ரத்தம் போதாத இடத்தில் கரியமில வாயு, அடித்துச் செல்ல ஆளின்றித் தேங்கும், பலூனுக்குள்ளும் ஊடுருவும். அதை ரத்தத்தில் உள்ள அளவோடு ஒப்பிடுவார்கள். வித்தியாசம் கூடினால் வறட்சி கூடுதல்.

அழகான யோசனை, ஆனால் இன்று அபூர்வம். சிறுநீர்தான் எளிய அளவுகோல்: பெரியவர்களுக்கு மணிக்கு 30 முதல் 50 மில்லி.

அப்படியானால் டிரிப்ஸை அள்ளி ஏற்றலாமே? 70 கிலோ எடையுள்ளவருக்கு உடல் பரப்பில் 40 சதவீதம் வெந்திருந்தால், வழக்கமான ஒரு கணக்குப்படி முதல் நாளில் சுமார் 11 லிட்டர். பாதி, காயம்பட்ட முதல் 8 மணி நேரத்துக்குள். அளவு மீறினால் குடலே ஊறி உப்பும். வயிறு இறுகி, குடலுக்குத் திறந்த ரத்தக் குழாயை வெளியிலிருந்து நசுக்கும். அதனால் சிறுநீர்ப்பைக் குழாய் வழியே வயிற்றின் அழுத்தத்தையும் பார்க்கிறார்கள்.