மக்காச்சோளத்துக்கு முன்னால் பசுந்தாள்: எப்போ மடக்கி உழுவது?

தைப்பட்ட மக்காச்சோளத்துக்கு முன்னால் பசுந்தாள் விதைப்பவர்கள் எங்கள் பக்கம் இப்போ கூடியிருக்கிறார்கள். விதைப்பதில் யாருக்கும் சிக்கல் இல்லை. மடக்கி உழும் நாளில்தான் கோட்டை விடுகிறோம். நானும் விட்டவன்தான்.

ஐப்பசி மழையில் விதைத்தால் பாய்ச்சாமலே வளரும். கிணத்துத் தண்ணி மக்காச்சோளத்துக்கு மிச்சம். ஏக்கருக்கு சணப்பு 10 கிலோ, தட்டைப்பயறு 5, கொள்ளு 5 கலந்து வீசுகிறேன். ஆறிய கஞ்சியில் ரைசோபியத்தைக் குழைத்து விதையில் புரட்டி, நிழலில் உலர்த்திக்கொள்வேன். பலதானிய விதைப்பில் வரும் சோளம், கம்பு இதில் கிடையாது. அடுத்து வரும் பயிர் தழைச்சத்தை அள்ளித் தின்னும்; அதனால் பயறு வகையே போதும் என்பது என் கணக்கு.

பகல் குறுகும் காலத்தில் சணப்பு சீக்கிரம் பூத்துவிடும். ஆடியில் விதைத்தது மாதிரி ஆள் உயரம் வரட்டும் என்று காத்திருக்காதீங்க. இடுப்பளவிலேயே மஞ்சள் பூ தெரியும். அப்போ ஒரு செடியைப் பிடுங்கி, வேர் முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்க. உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடிக்கும் வேலை நடக்கிறது. பச்சையோ பழுப்போ ஆகிவிட்டால் வேலை முடிந்தது. காய் பிடித்தால் சத்து விதைக்குப் போகும், தண்டு நாராகும்.

முதல் வருஷம் விதைக்கு ஆசைப்பட்டேன். "விதை விக்கிற விலைக்கு இதை ஏன் மாப்ள உழுவுறீங்க?" என்றார் பக்கத்துத் தோட்டத்து மாமா. 70 நாள் விட்டேன். காயைப் புழு தின்றது, விதையும் தேறவில்லை. உழும்போது ரோட்டாவேட்டரில் நார் சுற்றிக்கொண்டு, அரை நாள் அரிவாளால் அறுத்து எடுத்தோம். பட்டம் போகுதே என்று அடுத்த வாரமே மக்காச்சோளத்தை ஊன்றினேன். 20 நாளில் பயிர் வெளுத்தது. நாரை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலிருந்த தழைச்சத்தையும் எடுத்துக்கொண்டன, பயிர் பட்டினி. கடலைப் புண்ணாக்கைக் கரைத்து விட்டும் கதிர் சிறுத்துத்தான் போச்சு. அந்தப் போகம் உழவுக் கூலிகூடக் கட்டவில்லை.

இப்போ 45 நாளில், பாதிச் சணப்பு பூத்ததும் மடக்கிவிடுகிறேன். மார்கழி நடுவில் வரும். அன்றைக்கு மண்ணைப் பிடித்தால் உருண்டை நிற்கணும், கையில் ஒட்டக்கூடாது. காய்ந்திருந்தால் உழுவதற்கு முன்பே ஒரு தண்ணி கட்டணும். காய்ந்த மண்ணில் தழை மட்காது, சருகாகும். ஆழப் புதைக்க வேண்டாம், மேலாக ஓட்டினால் போதும். பிறகு ஏக்கருக்கு 200 லிட்டர் ஜீவாமிர்தம்.

கோடையில் 10 நாளில் மட்குவது மார்கழிக் குளிரில் 15, 20 நாள் இழுக்கிறது. பச்சைத் தழை மட்கும்போது ஊன்றினால் முளைப்பு கெடும். நான் மண்ணைக் கிளறி மோந்து பார்ப்பேன். புளிச்ச வாடை வந்தால் பொறுக்கணும். மழை பெய்த மண் வாசம் வந்தால் ஊன்றலாம். முழங்கால் உயரத்தில் மக்காச்சோளத்துக்குப் பசி எடுக்கும்; தழைச்சத்து அப்போ கிடைக்கிற மாதிரி நாள் அமையணும். இருந்தும் தழை மட்டும் போதாது. மண் அணைக்கும்போது புண்ணாக்கும் வைக்கிறேன்.

வெள்ளாடு வைத்திருப்பவர்கள் மேய விடலாமா என்று கேட்கிறார்கள். சணப்பு கலக்காமல் கொள்ளும் தட்டைப்பயறும் மட்டும் விதைத்திருந்தால் விடலாம். ஆனால் ராத்திரிப் பட்டியையும் அந்தக் காட்டிலேயே போடணும்.