பி.டி. பீரியட்ல ஸ்கோர் எழுதுற பையன்

இன்னைக்கு குழந்தைகளோட உடல் பருமன் பத்திப் பேசப் போறோம், குறிப்பா வசதி இல்லாத வீட்டுக் குழந்தைகள். தலைப்பைச் சொன்னதுமே ஒரு நண்பன் கேட்டான்: "அது பணக்கார வீட்டுப் பிரச்சினைடா, பாலக்கரை பசங்களுக்கு எதுக்கு?" நியாயமான கேள்விதான். அங்கேருந்தே ஆரம்பிப்போம்.

மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் சென்னையில 6 முதல் 19 வயசு வரைக்கும் கிட்டத்தட்ட 19,000 பிள்ளைகளை அளந்து பார்த்தாங்க. 2014ல அந்த ஆய்வு வெளியாச்சு. அதிக எடையும் பருமனும் சேர்த்து, தனியார் பள்ளியில 21.4 சதவீதம், அரசுப் பள்ளியில 3.6 சதவீதம். அப்ப நண்பன் சொன்னது சரியா?

பாதி சரி. 3.6 சதவீதம்னா 40 பேர் வகுப்புல ஒருத்தரோ ரெண்டு பேரோ. தனியார் பள்ளிப் பையனுக்கு டயட்டீஷியன் இருக்காங்க, சம்மர் கேம்ப் இருக்கு, மணிக்கணக்குல வாடகைக்கு எடுக்கிற டர்ஃப் இருக்கு. இந்த ஒருத்தனுக்கு வகுப்புல வெச்ச பட்டப்பேர் மட்டும்தான் இருக்கு. அடுத்தது, தேசிய குடும்ப நல ஆய்வு. தமிழ்நாட்டுப் பெண்கள்ல அதிக எடை உள்ளவங்க 2015-16ல 30.9 சதவீதம், 2019-21ல 40.4 சதவீதம். இவங்க எல்லாருமா தனியார் பள்ளியில படிச்சாங்க? பள்ளிக்கூடத்துல ஒல்லியா இருந்தவங்களும் இதுல இருப்பாங்க. உலக அளவுலயும் கணக்கு புரண்டுடுச்சு. பள்ளி வயசுப் பிள்ளைகள்ல எடை குறைஞ்சவங்களைவிட பருமனானவங்க அதிகம்னு 2025ல யுனிசெஃப் சொல்லிடுச்சு.

இதுக்குப் பின்னாடி ஒரு இந்தியக் கதை இருக்கு. புனேல டாக்டர் யாஜ்னிக் குழு, அங்க பிறந்த குழந்தைகளை இங்கிலாந்துல சவுதாம்ப்டன்ல பிறந்த குழந்தைகளோட ஒப்பிட்டாங்க. நம்ம குழந்தை சராசரியா 2.7 கிலோ, அவங்க குழந்தை 3.5 கிலோ. நம்ம குழந்தைக்குத் தசை குறைவு, ஆனா கொழுப்பு அந்த அளவுக்குக் குறையலை. ஒல்லியா தெரியுற, உள்ள கொழுப்பு இருக்கிற குழந்தை. கர்ப்பத்துல அம்மாவுக்குச் சாப்பாடு பத்தாம, கம்மி எடையில பிறந்து, அப்புறம் வேகமா எடை ஏறினா, சர்க்கரை நோய்க்கான வாய்ப்பு கூடுது. அதனால பசியும் பருமனும் எதிர் எதிர் இல்லை, சில வீடுகள்ல ஒண்ணு பின்னாடி ஒண்ணா வருது.

இப்ப பாலக்கரைக்கு வருவோம். சகாய மாதா கோயில், ரயில்வே பாலம், பிரபாத் ரவுண்டானா, உய்யக்கொண்டான் வாய்க்கால். இதுக்கு நடுவுல இருக்கிற சந்துகள்ல ஒரு பையன் ஓடணும்னா எங்க ஓடுவான்? வீட்டு வாசல்ல பைக் நிக்குது. சந்து முனையில ஷேர் ஆட்டோ. அண்ணா ஸ்டேடியம் போக பஸ் ஏறணும், கூட ஒரு பெரியவங்க வேணும், அந்தப் பெரியவங்க வேலையில இருப்பாங்க. வயசுக்கு வந்த பொண்ணுன்னா பேச்சே கிடையாது. அதனால பிள்ளை உள்ளேயே இருக்கட்டும்னு கையில ஃபோன் கொடுத்துடுறாங்க. இதை அம்மாவோட அலட்சியம்னு சொல்ற யாரும் அந்தச் சந்துல ஒரு சாயங்காலம் நின்னு பார்க்கணும்.

சாப்பாடு பக்கம், 100 கிராம் சிப்ஸ்ல சுமார் 550 கலோரி. சின்னக் காசுக்கு உடனே கைக்கு வர்றது பெட்டிக்கடைப் பாக்கெட்தான். பள்ளி வாசல்லேருந்து 50 மீட்டருக்குள்ள கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமான பண்டம் விக்கக் கூடாதுன்னு 2020லயே எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதி போட்டாச்சு. பசிக்கிற பையனுக்கு 60-வது மீட்டர் ஒண்ணும் தூரமில்லை. இந்த விஷயத்துல நம்ம ஊரு பெருமைப்படலாம்: எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1ல சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினது திருச்சி பாப்பாக்குறிச்சியிலதான். 2022லேருந்து காலை உணவுத் திட்டமும் வந்துடுச்சு. சத்துணவு சாப்பிட்டா குண்டாவாங்கன்னு சிலர் பேசுறதைக் கேட்டிருக்கேன். எனக்கு அது தலைகீழாத் தெரியுது. காலையில சூடா பொங்கலும் சாம்பாரும் சாப்பிட்ட பிள்ளைக்கு 10 மணிக்குப் பாக்கெட் தேவைப்படாது.

சரி, உடற்பயிற்சி. நான் ஸ்கூல்ல குண்டுப் பையன். பி.டி. பீரியட்ல நல்லா ஓடுறவன் டீமுக்கு, நான் ஸ்கோர் எழுத. சார் மேல கோபம் இல்லை, அவருக்கு ஜோனல் மீட்ல ஜெயிக்கணும். ஆனா லாஜிக்கைப் பாருங்க: யாருக்கு ஓட்டம் அதிகம் தேவையோ, அவனை உட்கார வைக்கிற சிஸ்டம். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு ப்ரோக்ராம் டிசைன் பண்ணணும்னா முதல்ல சரி பண்ண வேண்டிய பக் இதுதான்.

அடுத்தது எதிர்பார்ப்பு. 40 கிலோ பையன் 10 நிமிஷம் ஸ்கிப்பிங் பண்ணினா தோராயமா 70 கலோரி செலவாகும். 20 கிராம் சிப்ஸ்ல 110 உள்ள வந்துடும். ஆக, எடை குறையும்னு சொல்லி ஆரம்பிக்கிற எந்த ப்ரோக்ராமும் ரெண்டு மாசத்துல ஏமாத்தம்தான். நல்ல செய்தி என்னன்னா, வளர்ற பிள்ளைக்குப் பெரும்பாலும் எடை குறையவே வேண்டாம். 140 செ.மீ. உயரம், 47 கிலோ: பி.எம்.ஐ. 24. ரெண்டு வருஷத்துல 152 செ.மீ. ஆகி, எடை அதே 47ல நின்னா 20.3. தராசு அசையவே இல்லை, பையன் மாறிட்டான். (பிள்ளைகளுக்கு பி.எம்.ஐ.யை வயசு, பால் வாரியா இருக்கிற அட்டவணையில வெச்சுத்தான் பார்க்கணும். பெரியவங்க கணக்கு செல்லாது.)

5 முதல் 17 வயசு வரைக்கும் தினம் சராசரியா 60 நிமிஷம் நல்லா மூச்சு வாங்குற அசைவு வேணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. மைதானமே இல்லாத ஊர்ல எப்படி? ரெண்டு உதாரணம் எனக்குப் பிடிச்சது. ஒண்ணு, ஸ்காட்லாந்துல ஸ்டெர்லிங் ஊர்ல ஒரு தலைமை ஆசிரியை 2012ல ஆரம்பிச்ச 'டெய்லி மைல்'. தினம் 15 நிமிஷம், யூனிஃபார்மோடயே, ஓடலாம், நடக்கலாம், பேசிக்கிட்டே போகலாம். போட்டி கிடையாது, கடைசின்னு யாரும் இல்லை. அந்தப் பள்ளிப் பிள்ளைகளோட உடல் கொழுப்பும் ஓடுற திறனும் மேம்பட்டதா 2018ல ஆய்வு வந்துச்சு. இன்னொண்ணு நம்ம சென்னையிலேயே, அதே டயாபடீஸ் ஃபவுண்டேஷன் வளரிளம் பெண்களுக்காக உருவாக்கின 'தாண்டவ்'. 10 நிமிஷத்துக்கு வேகமும் நிதானமும் மாறி மாறி வர்ற டான்ஸ். மொட்டை மாடி போதும், வெளியே போக அனுமதி கேட்க வேண்டாம்.

பாலக்கரையில நாலு பேர் சேர்ந்து இதைச் செய்யணும்னா என் யோசனை: குண்டுப் பிள்ளைகளை மட்டும் தனியா பொறுக்காதீங்க, மொத்தச் சந்தையும் கூப்பிடுங்க. எல்லார் முன்னாடியும் எடை பார்க்காதீங்க. தண்ணி பிடிக்கிற நேரத்துல வைக்காதீங்க. பொண்ணுங்க அந்த நேரத்துல குடத்தோடதான் நிப்பாங்க. முடிஞ்சதும் பிஸ்கட் கொடுக்காம ஆளுக்கொரு வாழைப்பழம் கொடுங்க, காந்தி மார்க்கெட் பக்கத்துலதானே இருக்கு.

கடைசியா, ஒரு அக்கா வாய்ஸ் நோட்ல கேட்டிருந்தாங்க: "பையன் கழுத்துக்குப் பின்னாடி கறுத்துப் போயிருக்கு, எவ்வளவு தேய்ச்சாலும் போகலை." அக்கா, தேய்க்காதீங்க. எடை கூடின பிள்ளைக்குக் கழுத்திலயும் அக்குளிலயும் வெல்வெட் மாதிரி கறுப்பு வந்தா, அது பெரும்பாலும் அழுக்கு இல்லை. இன்சுலின் உடம்புல சரியா வேலை செய்யலைங்கிறதுக்கான அடையாளமா இருக்கலாம். தூக்கத்துல சத்தமா குறட்டை, படி ஏறும்போது முட்டி வலி இருந்தாலும் காட்டணும். பக்கத்துல இருக்கிற நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, புத்தூர் பெரியாஸ்பத்திரிக்கோ கூட்டிட்டுப் போங்க, காசு கிடையாது. போறப்ப பையன்கிட்ட "நீ தின்னதாலதான்"னு மட்டும் சொல்லாம கூட்டிட்டுப் போங்க.