பாயை விட்டு எழும் முதல் அடி

சென்னை காசிமேட்டில் மீன் ஏலம் சூடுபிடிக்கும் நேரத்தில் கல்மண்டபத்துத் தெருக்களில் விடிந்திருக்காது. கூடையோடு கிளம்பவேண்டிய பெண் பாயை விட்டு எழுந்து காலை ஊன்றுகிறார். குதிகாலில் ஆணி இறங்கியதுபோல ஒரு குத்தல். சுவரைப் பிடித்தபடி பத்து அடி நடந்தால் கொஞ்சம் தணிகிறது. ஈர சிமெண்ட் தரையில் நாலு மணி நேரம் நின்றபின் மறுபடி தலைதூக்குகிறது. ஐஸ் பெட்டி சுமப்பவரும், வண்ணாரப்பேட்டைத் துணிக்கடையில் நாள் முழுக்க நிற்பவரும், கயிறு தாண்டிப் பயிற்சி எடுக்கும் குத்துச்சண்டைக்காரரும் இந்த வலிக்குச் சொல்லும் அடையாளம் ஒன்றுதான்: காலையில் வைக்கும் முதல் அடி.

பாட்டிமார் இதைக் குதிகால் வாதம் என்பார்கள். டாக்டர் சீட்டில் பிளான்டர் ஃபேஷியைடிஸ் என்று இருக்கும். குதிகால் எலும்பில் தொடங்கி விரல்களின் அடிவரை விசிறிபோல் விரியும் தடித்த நார்ப்பட்டை ஒன்று, வில்லை நாண் இழுத்துப் பிடிப்பதுபோலப் பாதத்தின் வளைவைத் தாங்குகிறது. தூக்கத்தில் அது தளர்ந்து கிடக்கும். எழுந்ததும் உடம்பின் மொத்த எடையும் இறங்க, எலும்போடு ஒட்டியிருக்கும் இடத்தில் வெடுக்கென்று இழுபடும்.

நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள்தான் இது அதிகம். நின்றே செய்யும் வேலை, உடல் எடை, விறைத்துப்போன கெண்டைக்கால் ஆகியவை முக்கியக் காரணங்கள். இன்னொன்று, திடீரென்று கூடும் சுமை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். வேலை குறைந்து கால்கள் ஓய்ந்திருக்கும். தடை முடிந்து படகுகள் திரும்பத் தொடங்கினால் முழு வேலையும் ஒரேயடியாகக் காலில் விழும். பல மாதம் சும்மா இருந்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம் கால்பந்து ஆடுகிறவரின் பாதத்துக்கும் நேர்வது இதுவே.

எக்ஸ்ரே எடுத்தால், "எலும்பு வளர்ந்திருக்கு" என்று சொல்லக் கேட்டுப் பலர் பயந்துவிடுகிறார்கள். பயப்பட வேண்டாம். வலியே இல்லாத ஏராளமானவர்களின் குதிகாலிலும் முள்போன்ற அந்த வளர்ச்சி உண்டு. 2003இல் அமெரிக்காவில் ஹார்வி லெமான்ட் குழுவினர், நாள்பட்ட வலிக்கு அறுவை செய்துகொண்ட 50 பேரின் நார்ப்பட்டைத் திசுவை ஆராய்ந்தபோது அழற்சியைக் காணவில்லை. நார் நைந்துபோன தடயங்களே தெரிந்தன. நைந்த நாரை மறுபடி உரமேற்ற வேண்டும் என்பதால், வெறும் வலி மாத்திரை அதற்குப் போதாது.

உரமேற்றும் வழிக்குச் செலவில்லை. படுக்கையை விட்டு இறங்கும் முன்பே, வலிக்கும் காலை மறு தொடைமேல் போட்டு, கால்விரல்களை முழங்காலை நோக்கி மடக்கிப் பிடித்துப் பத்து எண்ண வேண்டும். இப்படிப் பத்துத் தடவை. ஒரு நாளைக்கு மூன்று வேளை. அடுத்தது படிக்கட்டுப் பயிற்சி. 2014இல் டென்மார்க்கில் மைக்கேல் ராத்லெஃப் குழு வெளியிட்ட முறை இது: துண்டைச் சுருட்டி விரல்களுக்கு அடியில் வைத்து, படியின் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று, மூன்று விநாடியில் குதிகாலை உயர்த்தி, இரண்டு விநாடி நிறுத்தி, மூன்று விநாடியில் இறக்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும். பழகப் பழக முதுகில் பையை மாட்டிச் சுமை கூட்டலாம். மூன்று மாதத்தில் இப்படிச் செய்தவர்கள், வெறுமனே நீட்டி மடக்கியவர்களைவிட நன்றாகத் தேறியிருந்தார்கள்.

நின்றால்தான் கூலி என்றிருப்பவரிடம் "ஓய்வெடுங்கள்" என்று சொல்லி அனுப்புவது நியாயமே இல்லை. நடுநடுவே ஒரு பெட்டியைக் கவிழ்த்து உட்காரலாம். வேலை முடிந்ததும் உறைந்த தண்ணீர் பாட்டிலைப் பாதத்துக்கடியில் உருட்டலாம். காசிமேட்டில் ஐஸுக்கா பஞ்சம்! தேய்ந்த ஹவாய் செருப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு எம்.சி.ஆர். செருப்புக்கு மாறலாம். உணர்ச்சியிழந்த பாதங்களில் புண் வராமல் காக்க, வேலூர் சி.எம்.சி.யிலும் கரிகிரியிலும் தொழுநோயாளிகளுக்காகப் பயன்பட்ட மெத்தென்ற ரப்பர்தான் அது. கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்டும் அவர் கூட்டாளிகளும் அந்தப் பாதங்கள்மேல் கொண்ட அக்கறையால்தான் இது நம் ஊர்க் கடைகள்வரை வந்தது.

சுட்ட செங்கல்மேல் எருக்க இலை வைத்து மிதிக்கும் வைத்தியம் பலருக்கு இதமாக இருக்கும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் மட்டும் அதை நெருங்கவே கூடாது. தோல் வெந்துபோவதுகூடத் தெரியாது. ஸ்டீராய்டு ஊசியும் யோசித்துப் போடவேண்டியதே. சில வாரம் வலியை அடக்கும். அடிக்கடி போட்டால் நார் அறுந்துபோகவும் குதிகாலின் கொழுப்பு மெத்தை தேயவும் வாய்ப்புண்டு.

மரத்துப்போதல், இரவில் படுத்திருக்கும்போதும் விடாத வலி, வீக்கம், காய்ச்சல், விழுந்தபின் காலை ஊன்ற முடியாமை ஆகியவை இருந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம். பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு அறுவை இல்லாமலே ஓராண்டுக்குள் தணிந்துவிடும். மீன் அங்காடிக்காரர்களுக்குப் படிக்கட்டுப் பயிற்சியைத் தொடங்க நல்ல காலம் தடைக்காலம். ஏப்ரல் நடுவில் துண்டைச் சுருட்டிக்கொண்டு வீட்டுப் படியில் நின்றால், ஜூன் 15 வருவதற்குள் அந்த நாருக்கு இரண்டு மாதப் பயிற்சி கிடைத்திருக்கும்.